போர்டிலேயே பற்றவைத்த யூஎஸ்பி: சுவிட்ச் யார் கையில் இருக்க வேண்டும்?

யூஎஸ்பியில் பவரைப் பற்றித் தனியாக யோசிக்க என்ன இருக்கிறது, செருகினால் வரும், பிடுங்கினால் போகும் என்று லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) வேலை செய்பவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெளியே வாய் திறந்திருக்கும் போர்ட்டுகளுக்கு அது சரி. அங்கே 5 வோல்ட் எப்போதும் காத்திருக்கும். எதையாவது செருகியதும் டேட்டா கம்பியில் மின்னழுத்தம் ஏறும், ஹப் (ஓர் இணைப்பைப் பல போர்ட்டுகளாகப் பிரிக்கும் சிப்) அதைக் கவனித்துச் சொல்லும், கர்னல் ரீசெட் கொடுத்து ‘நீ யார்’ என்று விசாரிக்கும், பதிலுக்கு ஏற்ற டிரைவரைத் தேடும். ஆனால் வெளியே தெரியாத யூஎஸ்பி இணைப்புகள் இன்று எத்தனையோ இருக்கின்றன. லேப்டாப்பின் கேமரா, புளூடூத், கைரேகை சென்சார், கையடக்கக் கருவியின் எல்டிஇ மோடம், சிறிய போர்டுகளின் ஈதர்நெட் எனப் பலவும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு உள்ளுக்குள்ளேயே யூஎஸ்பி பேசுகின்றன. இவற்றில் பல அந்த 5 வோல்ட்டைத் தொடுவதே இல்லை. மின்னழுத்தத்தைச் சீராகத் தரும் தனி ரெகுலேட்டரிலிருந்து 3.3 வோல்ட், சிப்பை நிறுத்திவைத்து விடுவிக்கும் தனி ரீசெட் கம்பி, சிலவற்றுக்குத் தனி கிளாக் என்று போர்டில் ஏற்பாடு இருக்கும். யாராவது இவற்றை வரிசை தவறாமல் கொடுத்தால்தான் அந்தச் சிப் பஸ்ஸில் தலைகாட்டும். அந்த ‘யாராவது’ யார் என்ற கேள்வி வெகு நாளாக என்னை விடவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு போர்டில் இது நன்றாகவே முற்றியது. பிராசசருக்குக் கீழே ஒரு ஹப் சிப், ஹப்புக்குக் கீழே ஒரு கேமராவும் ஒரு மோடமும், எல்லாமே பற்றவைத்தவை. சில முறை பூட் ஆனால் மூன்றும் இருக்கும். சில முறை யூஎஸ்பி கன்ட்ரோலருக்கே உரிய ரூட் ஹப்பைத் தவிர எதுவும் இருக்காது. லாக்கில் ஒரு பிழைச் செய்தி கூடக் கிடையாது. கர்னல் கணக்கில் எதுவுமே செருகப்படவில்லை, ஆகவே குறை சொல்ல அதற்கு ஒன்றும் இல்லை. வித்தியாசம் கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடரில் இருந்தது. யூஎஸ்பியில் பூட் செய்ய ஏதாவது கிடைக்குமா என்று அது தேடிய சமயங்களில், போகிற போக்கில் ஹப்பின் ரீசெட் கம்பியை விடுவித்துவிட்டிருந்தது. ஃபிளாஷிலிருந்து நேராகப் பூட் ஆனபோது அந்தப் பக்கமே போகவில்லை. அதாவது எங்கள் கர்னல் அந்த ஹப்பை ஒரு நாளும் எழுப்பியதே இல்லை. வேறொருவர் எழுப்பிவிட்டுப் போனதை வைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

டிரைவர் வருவதற்கு முன்பே

ஒரு சாதனத்தின் பவரை அதன் டிரைவரே பார்த்துக்கொள்வதுதான் லினக்ஸின் வழக்கம். ஐ2சி என்ற எளிய பஸ்ஸில் சென்சார் ஒன்று இருந்தால், போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் அதற்கு ஒரு பதிவு இருக்கும். அந்தப் பதிவைப் பார்த்து டிரைவர் ஓடும். ஓடியதும் ரெகுலேட்டரைக் கேட்டு வாங்கி ஆன் செய்யும், அதற்குப் பிறகுதான் சிப்போடு பேசும். யூஎஸ்பியில் வரிசையே வேறு. முதலில் சாதனம் பேச வேண்டும், அது சொல்லும் அடையாள எண்ணை வைத்து டிரைவர் வரும். பவரை ஆன் செய்யத் தெரிந்த டிரைவர், பவர் வந்த பிறகுதான் ஓடவே முடியும். கோழியா முட்டையா என்பது இங்கே வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை, அப்படியே நடக்கிறது.

பிசி உலகில் இது பெரும்பாலும் தெரியாமல் போனதற்குக் காரணம் ஃபர்ம்வேர். கர்னல் எழுந்திருக்கும் முன்பே அது எல்லா ரெயிலையும் (மின்சாரம் தரும் தடங்களை) ஏற்றிவைத்துவிடும். ஏஆர்எம் போர்டுகளில் அந்தச் சலுகை கிடையாது, கர்னலே எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். 2010இல் வந்த பாண்டாபோர்டு இதற்கு நல்ல உதாரணம். அதன் ஈதர்நெட், எல்ஏஎன்9514 என்ற சிப்பில் ஹப்போடு சேர்ந்து இருந்தது. ஒரு ஜிபிஐஓ (மென்பொருள் ஏற்றி இறக்கக்கூடிய கம்பி) அதன் பவருக்கு, இன்னொன்று ரீசெட்டுக்கு. அப்போது ஒவ்வொரு போர்டுக்கும் கர்னலில் சி மொழியில் ஒரு கோப்பு இருந்த காலம். அந்தக் கோப்பிலேயே பவரை அணைத்து, யூஎஸ்பி கன்ட்ரோலரைத் தயார் செய்து, பிறகு பவரை ஏற்றும் வரிகளை எழுதிவைத்தார்கள். பார்க்க அழகில்லை. ஆனால் ஒளிவுமறைவு இல்லாத வேலை.

போர்டு கோப்புகள் போய் டிவைஸ் ட்ரீ வந்ததும் அந்த வரிகளுக்கு இடமில்லாமல் போயிற்று. என்ன செய்தார்கள் தெரியுமா? தனியாக எந்த வேலையும் செய்யாத ஒரு யூஎஸ்பி டிரான்சீவர் (கம்பியில் சிக்னலை அனுப்பிப் பெறும் பகுதி) பதிவு கர்னலில் உண்டு. ஹப்பின் ரீசெட்டை அந்த டிரான்சீவரின் ரீசெட் என்றும், ஹப்பின் பவரை அதன் சப்ளை என்றும் எழுதிவிட்டார்கள். கன்ட்ரோலர் தன் டிரான்சீவரை எழுப்பும்போது ஹப்பும் சேர்ந்து எழுந்துகொள்ளும். வேலை நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் டிவைஸ் ட்ரீ என்பது ஹார்ட்வேரை உள்ளபடி சொல்ல வேண்டிய ஆவணம். அதில் ஒரு சிப்பின் கம்பியை இன்னொரு சிப்பின் பெயரில் எழுதினால், அந்தப் பொய் பல வருடங்களுக்கு நிற்கும். பழைய டிவைஸ் ட்ரீ புதிய கர்னலிலும் ஓட வேண்டும் என்பது நாமே ஏற்றுக்கொண்ட விதி. அதனால் இன்று எழுதும் குறுக்குவழியை நாளை யாராலும் எடுக்க முடியாது.

இன்னொரு குறுக்குவழி இதைவிடப் பிரபலம். ரெகுலேட்டர் பதிவில் ‘எப்போதும் ஆன்’ என்று ஒரே ஒரு வரி. எங்கள் போர்டில் முதலில் வந்த தீர்வும் அதுதான். ஹப் தவறாமல் வந்தது, டிக்கெட் மூடப்பட்டது. சுவரிலேயே செருகிவைத்திருக்கும் பெட்டி என்றால் நானும் அத்தோடு விட்டிருப்பேன். இது பேட்டரியில் ஓடும் கருவி. தூங்கவைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தால் மின்னோட்டம் இறங்கவே இல்லை. சஸ்பெண்ட் ஆன யூஎஸ்பி சாதனம் 2.5 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது என்ற விதியைச் சிலர் எடுத்துக்காட்டினார்கள். அந்த விதி யூஎஸ்பி கம்பியின் 5 வோல்ட்டிலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்கு உரியது. தன் சொந்த ரெயிலில் வாழும் சிப்பை அது கட்டுப்படுத்தாது.

போர்ட்டை அணைத்தால் போதாதா?

யூஎஸ்பிக்கே சொந்தமாக ஒரு பவர் சுவிட்ச் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமே என்று அடுத்து ஒரு யோசனை வரும். ஹப்பிடம் ‘இந்த எண் போர்ட்டின் பவரை எடு’ என்று கேட்க ஸ்பெக்கிலேயே வழி உண்டு. லினக்ஸிலும் போர்ட்டின் பவரைக் கட்டுப்படுத்தும் வசதி பல வருடங்களாக இருக்கிறது. போர்ட் எந்த வகை என்பதையும் கர்னல் தெரிந்துவைத்திருக்கும். பிசிக்களில் ஹார்ட்வேரைக் கர்னலுக்கு விவரிக்கும் ஏசிபிஐ ஃபர்ம்வேர் ஒவ்வொரு போர்ட்டைப் பற்றியும் இரண்டு விஷயம் சொல்லும்: அதில் ஏதாவது இணைய முடியுமா, பயனரின் கண்ணுக்குத் தெரியுமா. இணைய முடியும், கண்ணுக்கும் தெரியும் என்றால் அது வெளிப் போர்ட். இணைய முடியும், ஆனால் தெரியாது என்றால் பற்றவைத்தது. இணையவே முடியாது என்றால் பயன்படாதது. இந்த வகைப் பெயரை ஒவ்வொரு போர்ட்டின் சிஸ்எஃப்எஸ் கோப்பிலும் (கர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம் அது) பார்க்கலாம்.

பற்றவைத்த சாதனம் என்று கர்னலுக்கே தெரிந்திருந்தும், அது தானாக எதையும் அணைப்பதில்லை. எல்லாப் போர்ட்டும் ‘அணைக்காதே’ என்ற நிலையில்தான் தொடங்கும். அந்தத் தடையை யூசர்ஸ்பேஸ்தான், அதாவது கர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்கள்தான், எடுக்க வேண்டும். கர்னலின் சொந்த ஆவணமே, ஃபர்ம்வேர் தரும் தகவலில் நம்பிக்கை இருந்தால் மட்டும் தடையை எடுங்கள் என்கிறது. இந்த எச்சரிக்கை நியாயமானது. ஃபர்ம்வேர் தகவல் தவறாக இருப்பதும், போர்ட்டுக்குப் போர்ட் அணைக்க முடியும் என்று விளம்பரம் செய்யும் ஹப்பின் பின்னால் சுவிட்ச் டிரான்சிஸ்டரே வைக்காமல் விட்டிருப்பதும் இந்தத் தொழிலில் சகஜம். ஹப் ‘சரி, அணைத்துவிட்டேன்’ என்று பதில் சொல்லும், எதுவும் அணைந்திருக்காது.

அந்தத் தொல்லையெல்லாம் சரியாக இருந்தாலும் எங்களுக்கு அது உதவியிருக்காது. எங்கள் கேமராவும் மோடமும் போர்ட்டின் 5 வோல்ட்டில் ஓடவில்லை. போர்ட்டை அணைத்தால் சாதனம் பஸ்ஸிலிருந்து மறையும், சிப் பாட்டுக்குச் சூடாகவே இருக்கும். வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் அணைந்துவிட்ட தோற்றம். பேட்டரி மட்டும் குறைந்துகொண்டே போகும்.

ஒரு சிப், இரண்டு சாதனம்

என் யோசனை திரும்பிய இடம் இதுதான். ஹப் வந்தபின் அதன் டிரைவர் பஸ்ஸில் இருக்கிறதே, தூங்கப் போகும்போது அந்த டிரைவரே ரெகுலேட்டரை அணைத்துவிட்டால் என்ன என்று ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) எங்கள் குழுவில் வந்தது. படிக்கச் சுத்தமாக இருந்தது. ஓடவிட்டுப் பார்த்தோம். யூஎஸ்பி 2 பக்கத்து ஹப் சஸ்பெண்டுக்குப் போனது, ரெகுலேட்டர் அணைந்தது, அதே நொடியில் யூஎஸ்பி 3இன் சூப்பர்ஸ்பீடு பக்கத்தில் இருந்த கேமரா துண்டிக்கப்பட்டதாக லாக்கில் வந்தது. அந்தக் கேமரா இன்னும் தூங்கப் போயிருக்கவில்லை, அதன் ஹப்பும் விழித்தே இருந்தது.

யூஎஸ்பி 3 ஹப் என்று நாம் சொல்லும் ஒரு சிப்புக்குள் இரண்டு ஹப்புகள் இருக்கின்றன. ஒன்று யூஎஸ்பி 2 பேசும், இன்னொன்று சூப்பர்ஸ்பீடு பேசும். இரண்டும் வேறு வேறு கம்பி ஜோடிகளில், வேறு வேறு ரூட் ஹப்புக்குக் கீழே, கர்னலின் கணக்கில் இரண்டு தனித்தனிப் பஸ்களில் தோன்றும். சாதனங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத இரண்டு சாதனங்கள் மாதிரிதான் தெரியும். கீழே போர்டில் இருப்பதோ ஒரே சிப், ஒரே ரெகுலேட்டர், ஒரே ரீசெட் கம்பி. அந்த லாக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: யூஎஸ்பி மரத்தில் அந்தச் சிப்பே இல்லை. அதில் இருப்பவை சிப் காட்டும் முகங்கள். இரண்டு முகங்களில் எந்த ஒன்றிடம் சுவிட்சைக் கொடுத்தாலும், மற்றதைக் கேட்காமல் அது அணைத்துவிடும். சாதனத்தின் டிரைவரிடம் பவர் இருக்க வேண்டும் என்ற வழக்கம் இங்கே பொருந்தாமல் போவதற்கு வேர் இதுதான். முட்டை முதலில் வந்தாலும் கோழி முதலில் வந்தாலும், பவரை வைத்துக்கொள்ள வேண்டியது வேறொரு ஆள்.

லினக்ஸ் இந்த முடிவுக்கு வரச் சில காலம் பிடித்தது. 2015இல் வந்த 4.0 கர்னலில் மெமரி கார்டுகளுக்கான எம்எம்சி பஸ்ஸுக்கு ஒரு பவர் வரிசை ஏற்பாடு சேர்ந்தது. அதே பஸ்ஸில் எஸ்டிஐஓ முறையில் பேசும் வைஃபை சிப்புகளுக்கும் இதே பிரச்சினை இருந்ததால் அது அவசியமாயிற்று. எல்லாப் பஸ்ஸுக்கும் பொதுவாக அப்படி ஒரு நூலகம் வேண்டும் என்று கர்னல் நிரலாளர் பீட்டர் சென் 2016 முதல் பதிப்பு மேல் பதிப்பாக அனுப்பிப் பார்த்தார். அது மையக் கர்னலில் சேரவில்லை. கடைசியில் 2022இல் வந்த 6.0 கர்னலில் பற்றவைத்த ஹப்புகளுக்கென்றே ஒரு டிரைவர் சேர்ந்தது. குரோம்புக்குகளில் இருந்த ரியல்டெக் ஹப் அதற்கு முதல் காரணம்.

அந்த டிரைவரின் அமைப்பைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. ஒரே கோப்பில் இரண்டு பாதிகள். ஒரு பாதி பிளாட்பார்ம் டிரைவர் (பஸ்ஸில் தானாகத் தெரியாத, போர்டில் உள்ள பொருளுக்கான டிரைவர்), அதுதான் சிப்பின் ஆள். ரெகுலேட்டர், கிளாக், ரீசெட் எல்லாம் அதன் கையில். ரீசெட்டை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்ற அளவையும் அதுவே சிப் வாரியாக வைத்திருக்கும், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டியூஎஸ்பி8041 ஹப்புக்கு 3 மில்லி நொடி என்பது போல. மறு பாதி சாதாரண யூஎஸ்பி டிரைவர். முகங்கள் ஒவ்வொன்றும் பஸ்ஸில் தோன்றும்போது, அது சிப்பின் ஆளிடம் போய்ப் பெயரைப் பதிவு செய்துகொள்ளும். டிவைஸ் ட்ரீயில் இரண்டு ஹப் பதிவுகளும் ஒன்றையொன்று ‘இவர் என் ஜோடி’ என்று சுட்டும். சிப்பின் ஆளை யார் உருவாக்குவது? மேலே இருக்கும் ஹப். அது தயாராகும்போதே தனக்குக் கீழே டிவைஸ் ட்ரீயில் பற்றவைத்த ஹப் ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்தப் பிளாட்பார்ம் சாதனத்தை உண்டாக்கும், ஜோடிக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தால் விட்டுவிடும். கீழே எதுவும் பேசுவதற்கு முன்பே பவர் வந்துவிடுகிறது. அணைக்கும் வேலையை சஸ்பெண்டின் பிந்தைய கட்டத்தில் வைத்திருப்பதும் காரணத்தோடுதான். அந்த நேரத்தில் இரண்டு முகங்களும் தூங்கி முடித்திருக்கும்.

2024இல் 6.10 கர்னலில் இந்த டிரைவர் ஹப் அல்லாத சாதனங்களுக்கும் விரிந்தது, பெயரிலிருந்து ஹப் என்ற சொல்லும் போயிற்று. அடுத்த 6.11இல் பிசிஐ பஸ்ஸுக்கும் இதே போன்ற ஏற்பாடு வந்தது. அங்கே காரணம் குவால்காமின் வைஃபை சிப்புகள். வைஃபை பிசிஐ வழியாகவும் புளூடூத் சீரியல் வழியாகவும் பேசும், ரெயில்கள் மட்டும் பொது. மறுபடியும் அதே கதை, ஒரு சிப்புக்கு இரண்டு முகம். தனித்தனியாகப் பார்த்தால் வெவ்வேறு பேட்ச்கள். எனக்கு இவை ஒரே முடிவாகவே தெரிகின்றன: போர்டில் இருக்கும் பொருளுக்கு, பஸ்ஸில் தெரியும் சாதனத்திலிருந்து தனியாக ஓர் இருப்பு வேண்டும், சுவிட்ச் அந்த இருப்பிடமே இருக்க வேண்டும்.

தூங்கும்போது முடிவெடுப்பவர்

எப்படி அணைப்பது என்பது தீர்ந்ததும், எப்போது அணைப்பது என்பதில்தான் சண்டை வரும். அந்த டிரைவர் எடுத்த நிலைப்பாட்டை நான் முழுதாக ஆதரிக்கிறேன். சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும்போது அது பவரைத் தொடாது. சிஸ்டம் முழுதும் தூங்கப் போகும்போது மட்டும் யோசிக்கும். ஹப்புக்குக் கீழே சிஸ்டத்தைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் உரிமை பெற்ற சாதனம் ஏதாவது இருக்கிறதா, மேலே இருக்கும் கன்ட்ரோலருக்கும் எழுப்பும் உரிமை இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டும் இருந்தால் பவரை விட்டுவைக்கும், இல்லையென்றால் அணைக்கும். எப்போதும் பவர் வேண்டும் என்பவருக்கு ஒரு சிஸ்எஃப்எஸ் சுவிட்ச் உண்டு. கீபோர்டைத் தட்டி எழுப்பலாம் என்று பயனர் ஏற்கெனவே சொல்லியிருக்கும் விருப்பத்திலிருந்தே பதில் கிடைத்துவிடுகிறது. புதிதாக ஒரு கொள்கைக் கோப்பை யாரும் எழுத வேண்டியதில்லை.

பவரை எடுத்தால் சாதனம் நினைவை இழக்கும், திரும்பி வரும்போது வேறொன்றாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம் பழையது. தூக்கத்தில் பவர் போய்த் திரும்பிய சாதனத்தைப் பழைய சாதனமாகவே ஏற்றுக்கொள்ளும் வசதி லினக்ஸில் உண்டு. ஆனால் தூங்கும் நேரத்தில் ஒருவர் பென்டிரைவை மாற்றிச் செருகிவிட்டால் அதன் கோப்பு முறைமை நாசமாகும் என்று அதன் ஆவணம் எச்சரிக்கிறது. பற்றவைத்த சிப்பை யார் மாற்றிச் செருகப்போகிறார்கள்? வெளிப் போர்ட்டுக்கு ஆபத்தான வசதி, உள்ளே இருப்பதற்கு ஆபத்தில்லாதது. பற்றவைத்தது என்ற தகவலைக் கர்னல் இந்த இடத்தில் இன்னும் துணிச்சலாகப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து.

மோடம்தான் இன்னும் நெருடுகிறது. எல்டிஇ மோடம் என்பது உள்ளே தனியாக ஒரு லினக்ஸ் ஓடும் முழுக் கணினி. லினக்ஸ் ஓடும் பைன்ஃபோன் என்ற கைபேசியில் இருக்கும் குவெக்டெல் ஈஜி25-ஜி அப்படிப்பட்டது. அதை ஆன் செய்ய ஒரு கம்பியைக் குறிப்பிட்ட நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும், பத்து நொடி போலக் காத்திருந்தால்தான் யூஎஸ்பியில் தெரியும். அணைக்கும்போது முதலில் அதனிடம் சொல்லி, அது தன் கோப்புகளை மூடி முடித்த பிறகே பவரை எடுக்கலாம். சட்டென்று பிடுங்கினால் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. பைன்ஃபோன் உலகில் இதற்கு இரண்டு விடை வந்தன. ஒரு சாரார் யூசர்ஸ்பேஸில் ஒரு சேவையை எழுதி ஜிபிஐஓக்களை அங்கிருந்தே இயக்கினார்கள். இன்னொரு பக்கம் அதே வேலையைக் கர்னல் டிரைவராகவே எழுதினார்கள். யூசர்ஸ்பேஸில் திருத்துவது சுலபம் என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சேவை செயலிழந்தால், அல்லது கருவி அணைந்துகொண்டிருக்கும்போது அது முந்திக்கொண்டு கொல்லப்பட்டால், மோடமுக்கு நல்லபடியாக விடை கொடுக்க ஆளில்லை. கடைசி வரை உயிரோடு இருப்பது கர்னல் மட்டும்தான். எனவே ஆன் ஆஃப் வரிசை கர்னலில் இருக்க வேண்டும், எப்போது வேண்டும் என்ற கட்டளை மட்டும் மேலிருந்து வர வேண்டும் என்பதே என் பக்கம். 6.10க்குப் பிறகான அந்த யூஎஸ்பி டிரைவர் ரெகுலேட்டரையும் ரீசெட்டையும் அறியும். ‘அணைக்கப் போகிறேன், முடித்துவிட்டாயா’ என்று கேட்டுக் காத்திருக்க அதில் வழியில்லை. நிலையைக் காட்டும் ஒரு கம்பியையும் ஒரு கால வரம்பையும் டிவைஸ் ட்ரீயில் எழுத முடிந்தால் மோடம்களும் அதற்குள் வந்துவிடும்.

அதுவரை, சர்க்யூட் வரைபவர்களோடு உட்காரும் ஒவ்வொரு ஆய்விலும் பற்றவைத்த யூஎஸ்பி சிப் ஒன்று கண்ணில் பட்டால் நான் கேட்பவை இவை. அதன் ரெயில் வேறு எதோடும் பகிரப்படாமல் தனியாக இருக்கிறதா? ரீசெட் கம்பி ஜிபிஐஓவுக்கு வருகிறதா, இல்லை ஒரு ரெசிஸ்டரோடு முடிந்துவிடுகிறதா? பவர் போனபிறகும் சீரியல் கம்பியோ வேறு எதுவோ மின்னழுத்தத்தோடு நின்று, சிப்பின் பாதுகாப்பு டயோடு வழியாக அதற்குப் பின்வாசலில் மின்சாரம் ஊட்டுமா? மோடம் என்றால் அதன் நிலைக் கம்பி பிராசசருக்கு வருகிறதா? வரைபடத்தில் ஒரு கோடு கூடுதலாகப் போட அவர்களுக்குப் பெரிதாக நேரமாகாது. அந்தக் கோடு விட்டுப்போன போர்டில் எந்தக் கர்னலாலும் எதையும் அணைக்க முடியாது.